பதினொரு பேருக்கு ஒரு டேற்றாபேஸ்

உ

கல்லடி,
12.06.2005

அன்புள்ள ரதீஸ் மச்சானுக்கு,

நானும் தம்பியும் நலம். நீங்கள் நலமோ என்று கேட்கத் தேவையில்லை. கொழும்புச் சாப்பாட்டில் மகன் எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று மாமி போன கிழமை தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்து என் முன்னால் இருந்து அழுதார். அழுதுகொண்டே இரண்டு கோப்பை தேத்தண்ணியும் குடித்தார், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

கடிதத்துக்குக் காரணம், சித்திரையில் நீங்கள் வந்து எங்கள் கந்தோரில் பூட்டிவிட்டுப் போன மெயில் சேர்வர். "சேர்வரைப் பத்தின கதைய ஈமெயில்ல எழுதாத. சேர்வர் படுத்தா கதையும் படுத்திரும். பாஸ்வேட் எண்டா கட்டாயம் கடதாசியிலதான்" என்று சொன்னது நீங்கள்தானே. சொல்லுக் கேட்டு நடக்கிறேன்.

நேற்று எங்களுக்குக் காசு தருகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாங்கள் கட்டுகிற சுனாமி வீடுகளைப் பார்க்க வந்தார். வீட்டைப் பார்த்து முடித்து, மேசைக்குக் கீழே கிடந்த உங்கள் சேர்வர்ப் பெட்டியையும் பார்த்தார். ஆட்களின் பெயரெல்லாம் எதில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு பைலில் வரி வரியாக எழுதியிருக்கிறது என்றேன். சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொன்னதுபோல முகத்தைச் சுழித்தார். பின்னால் ஒரு டேற்றாபேஸ் இருக்க வேண்டுமாம். பெயர், பாஸ்வேட், யாருக்கு வரும் கடிதம் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணையாகக் கிடக்க வேண்டுமாம்.

அவர் போனதும் யோசேப் ஐயா தொடங்கிவிட்டார். பென்சன் எடுத்த வாத்தியார் அல்லவா, எங்கள் நிறுவனத்துக்குப் பொறுப்பாக வந்த பிறகும் வகுப்பறையில் நிற்கிற மாதிரித்தான் கதை. "பிள்ளை, டேற்றாபேஸ் இல்லாட்டி நம்மள ஒருத்தனும் மதிக்க மாட்டானாம்" என்று காலையிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார். இருபத்தாறு பேர் இருக்கிற கந்தோருக்கு அது தேவையா, இல்லையா? எழுதி அனுப்புங்கள், ஐயாவிடம் காட்டி அவர் வாயை அடைக்கிறேன்.

தம்பி ஜெயந்தனுக்கும் இங்கேயே வெளிக்கள வேலை கிடைத்திருக்கிறது. கடல் அம்மாவைக் கொண்டுபோய் ஆறு மாதம். அப்பா முன்னமே இல்லை. இப்போது எனக்கு அவன், அவனுக்கு நான். புது ஈமெயில் கிடைத்த புழுகத்தில் பக்கத்து அறையில் இருந்துகொண்டு "அக்கா, பசிக்குது" என்று எழுதி அனுப்புகிறான், கழுதை.

மாமி நம் கல்யாணக் கதையை எடுத்தார். என் பெயரில் வரப்போகிற வீட்டுக்குக் கூரை ஏறட்டும், பிறகு உங்கள் மகனை அனுப்புங்கள் என்றேன். உடம்பைப் பாருங்கள்.

மச்சாள்
கஜானி

•

உ

வெள்ளவத்தை,
24.06.2005

அன்புள்ள கஜானிக்கு,

சுகம். நீயும் மச்சான் ஜெயந்தனும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

யோசேப் ஐயாவுக்குச் சொல்: தேவையில்லை. இருபத்தாறு பேருக்கு இருபத்தாறு வரி. அதற்கு டேற்றாபேஸ் வைத்தால், ஒவ்வொரு கடிதம் வரும்போதும் சேர்வர் இன்னொருவனைத் தட்டி எழுப்பி "இந்தப் பெயரில் இங்கே ஆள் இருக்கோ" என்று கேட்க வேண்டும். அவன் படுத்தால் இருபத்தாறு பேருக்கும் கடிதம் நிற்கும். உங்கள் ஊரில் கறண்ட் போகிற சீருக்கு அவன் கிழமையில் மூன்று நாள் படுப்பான். அந்தப் பழைய மெசினுக்கு இருக்கிற மூச்சும் அவனுக்கே போய்விடும்.

ஆட்கள் ஆயிரமாகட்டும். அவரவர் பாஸ்வேட்டை அவரவரே மாற்ற வேண்டும், நாலைந்து இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பெயர் சேர்க்க வேண்டும் என்று வரட்டும். அன்றைக்குப் பார்ப்போம். அதுவரை பைல்தான். பெரிய நன்மை என்ன தெரியுமா? பைலில் ஒளிக்க இடமில்லை. எழுத்துத் தெரிந்த யாரும் திறந்து மேலிருந்து கீழே வாசிக்கலாம். என்ன வரி இருக்கிறது, எந்தத் திகதியில் எழுதியது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்.

கூரை கெதியாக ஏறட்டும். மழைக்கு முன்னம் ஏறினால் நல்லது என்று வீட்டுக்காரியிடம் மாப்பிள்ளை சொன்னதாகச் சொல்.

அன்புடன்
ரதீஸ்

•

உ

கல்லடி,
17.09.2006

அன்புள்ள ரதீஸ் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு இப்போது ஆவலைவிடக் கோபம்தான் கூட. ஆவணி முழுக்க ஒரு கடிதமில்லை. போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறன்" என்று வைக்கிறீர்கள். பிறகு என்பது எப்போது வரும் என்று மாமியும் கேட்கிறார். கொழும்பில் பொலிஸும் ஆமியும் லொட்ஜுகளைச் சோதிக்கிறார்களாம், ஆட்களைக் கொண்டுபோகிறார்களாம் என்று இங்கே கதை. உங்களுக்கு ஒன்றும் இல்லைத்தானே?

வாகரைப் பக்கமிருந்து செல்லடிக்குப் பயந்து சனம் வருகிறது. சுனாமிக்கு வாங்கிய கூடாரங்களை யுத்தத்துக்கு விரிக்கிறோம். கந்தோரில் இப்போது நாற்பத்தொரு பேர். பெயர்களை நானே சேர்த்தேன், ஒன்றும் உடையவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து ஐயா டேற்றாபேஸ் கதையை விட்டுவிட்டார்.

தம்பி வீட்டில் தங்குவது குறைவு. எங்கே சனம் நின்றாலும் அங்கே போய் நிற்கிறான். "ஒள்ளுப்பம் பாத்துப் போடா" என்றால், "நான் என்ன துவக்கோட போறனா, அரிசியோடதானே போறன்" என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான். ஒரு வரி எழுதுங்கள்.

மச்சாள்
கஜானி

•

உ

ரொறன்ரோ,
20.11.2006

அன்புள்ள கஜானிக்கு,

முகவரியைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். சுகமாக வந்து சேர்ந்தேன். எல்லாம் திடீரென்று சரிவந்தது, சொல்லிக்கொள்ள நேரமிருக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள். உன்னையும் இங்கே எடுப்பிப்பேன், பொறு.

ஜெயந்தனிடம் சொல்: அந்த வேலையை விடச் சொல். வாகரைப் பக்கம் போக வேண்டாம். வீட்டில் இருக்கட்டும். நான் சொன்னதாகக் கட்டாயம் சொல்.

இங்கே குளிர். வேறொன்றும் எழுத வருகுதில்லை.

ரதீஸ்

•

உ

கல்லடி,
11.02.2007

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தை மாதம் பதினாறாம் திகதி அவன் எங்கள் வாழைச்சேனைக் கந்தோரில் நின்றான். பின்னேரம் ஐந்து மணிக்கு எனக்கு ஈமெயில் போட்டான். "அக்கா, நாளைக்கு பஸ்ஸில வரல்ல. மீன் லொறியில ஆறு மணிக்கு ஏறுறன், முன்சீற்றில இருப்பன். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்று. நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அவனும் வாயால் சொல்லவில்லை. காலையில் றோட்டில் நின்று கைகாட்டித்தான் லொறியில் ஏறியிருக்கிறான்.

சாரதி மஜீட் வந்து சொன்னார். சந்திக்கு முன்னால் வெள்ளை வான் ஒன்று குறுக்கே நின்றதாம். சிவில் உடுப்பில் ஒருவன் நேரே முன்சீற்றுக்கு வந்து, "ஜெயந்தன், இறங்கு" என்றானாம். "எனக்கே அந்தப் புள்ளட பேர் தெரியா மகள், அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மஜீட் அழுதார். போகாத இடமில்லை. எங்கேயும் அப்படி ஓர் ஆள் இல்லையாம்.

அந்த ஈமெயிலை யாரோ வாசித்திருக்கிறான், மச்சான். சேர்வரின் பெரிய பாஸ்வேட் தெரிந்தது மூன்று பேருக்கு. நீங்கள் கனடாவில். நான் அக்கா. மிச்சம், கடித உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிற யோசேப் ஐயா. அந்த மனுசன் வந்து என் தலையைத் தடவி, "செபம் பண்ணுறன் பிள்ளை" என்கிறார். கையைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

எவன் காட்டிக் கொடுத்தானோ அவனை நான் விடமாட்டேன். அவன் நல்லாயிருக்கக் கூடாது. அவனைப் பெத்தவளே அவனைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும். என் அம்மா இல்லை, தம்பி இல்லை, எனக்கு இனி வேறு வேலையும் இல்லை.

கஜானி

•

உ

ரொறன்ரோ,
30.03.2007

அன்புள்ள கஜானிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. பேனையை எடுத்தால் கை ஓடுதில்லை. ஜெயந்தன் எனக்கும் மச்சான்தான். வருவான், மனதை விடாதே. உடம்பைக் கவனி.

நீ சொன்ன மூவரில் நானும் நீயும் போக மிஞ்சுவது ஒருவர்தான். எனக்கு அவரில் முந்தியே ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் நீ சேர்வரைத் தோண்டிக்கொண்டு இருக்காதே. உன்னையும் கொண்டுபோவார்கள். அதை அப்படியே ஓட விடு, கை வைக்காதே.

காசு தேவையென்றால் எழுது.

ரதீஸ்

•

கல்லடி,
05.07.2009

அன்புள்ள ரதீஸ் மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலமென்று மாமி சொன்னார். இரண்டு வருடத்துக்குமேல் எழுதவில்லை, மன்னியுங்கள். சண்டை முடிந்துவிட்டது என்று வைகாசியில் வெடி கொளுத்தினார்கள். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலுமில்லை.

யோசேப் ஐயாவை நான் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, வேதக் கோயில் வாசலில் நின்று "காட்டிக் கொடுத்த நாய்" என்று கத்தினேன். நான் சொன்னதை ஊர் நம்பியது. அவர் மகள் மேர்சிக்குப் பேசியிருந்த கல்யாணம் குழம்பியது. மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வாழைச்சேனைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். மிஞ்சினது பதினொரு பேர். புதுப் பொறுப்பாளர் நஸீறா ஒரு நல்ல மெசின் எடுத்துத் தந்திருக்கிறார். பழைய மெசினில் இருக்கிற பைல்களை ஒன்று விடாமல் திறந்து, வரி வரியாக வாசித்து, புதிதுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். அல்லது இந்த முறை டேற்றாபேஸ் வைப்போமா? பதினொரு பேருக்கு அது தேவையா? உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

மாமி கல்யாணக் கதையை விடுவதாயில்லை. இப்போது நானும் வாயைப் பொத்தச் சொல்வதில்லை.

கஜானி

•

உ

ரொறன்ரோ,
17.07.2009

அன்புள்ள கஜானிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே எழுதுகிறேன். உன் கையெழுத்தைக் கண்டதே எனக்குப் பெரிய சந்தோசம். தலையில் பிள்ளையார் சுழி போட மறந்துவிட்டாயே, அவ்வளவு அவசரமோ?

டேற்றாபேஸ்தான் வைக்க வேண்டும். யோசிக்காதே. பைலில் பெயர் வைக்கிற காலம் போய்விட்டது. டேற்றாபேஸ் என்றால் ஒரு பெயரை நீக்க ஒரு சொல் போதும், அடையாளமே இருக்காது, சுத்தம். பாதுகாப்பும் கூட. நாளைக்குக் கந்தோர் வளர்ந்தாலும் இடம் இருக்கும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பாஸ்வேட்டை மட்டும் அனுப்பு, நான் இங்கேயிருந்து ஓர் இரவில் எல்லாம் செய்து தருகிறேன்.

பழைய பைல்களை வாசித்துக் கண்ணைக் கெடுக்காதே, எல்லாம் குப்பை. ஒன்றையும் புதிய மெசினுக்குக் கொண்டுபோகாதே. பழைய டிஸ்க்கை அழித்துவிடு. அழிக்கத் தெரியாவிட்டால் கழற்றிச் சுத்தியலால் அடி. இதைக் கட்டாயம் செய்.

தையில் வருகிறேன். உன்னைத் தவிர வேறொருத்தியை நான் நினைத்ததில்லை.

அன்புடன்
ரதீஸ்

•

கல்லடி,
16.08.2009

ரதீஸ் மச்சானுக்கு,

நலம்.

இருபத்தாறு பேருக்குத் தேவையில்லாத டேற்றாபேஸ் பதினொரு பேருக்குத் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. உங்கள் 2005ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் புதுக் கடிதத்தை வாசித்தேன். அதில் பைலுக்கு எதை நன்மை என்று எழுதினீர்களோ, அதைத்தான் இதில் அழிக்கச் சொல்கிறீர்கள்.

சுழி போட மறக்கவில்லை, மச்சான். ஆனி மாதம், உங்களுக்கு எழுதுவதற்கு முன்னமே, பழைய மெசினைத் திறந்து வாசித்துவிட்டேன். பெரிய பைலில் ஒரு வரி இன்னொரு குட்டிப் பைலைக் காட்டியது. நான் அதுவரை அதைக் கண்டதில்லை. திறந்தேன். இரண்டே இரண்டு வரி. இரண்டாவது வரியில் தம்பியின் பெயரும் எனக்குத் தெரியாத ஒரு முகவரியும். அவன் அனுப்புகிற ஒவ்வொரு ஈமெயிலும் அந்த முகவரிக்கு ஒரு பிரதி போகிறது. எழுதிய திகதி 2006 ஆவணி பத்தொன்பது.

யோசேப் ஐயாதான் என்று பல்லைக் கடித்தேன். பிறகு முதல் வரியைப் பார்த்தேன். மெசின் வாசிக்காமல் தாண்டிப் போகிற குறி ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஆங்கில யூ எழுத்து. வேறொன்றுமில்லை. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. தமிழில் உ போட முடியாதவன் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறான். யோசேப் ஐயா எந்தக் கடதாசியிலும் மேலே சிலுவை கீறுகிறவர். சுழி போடாமல் ஒரு சீட்டுக்கூட எழுதாதவர் நீங்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த எழுத்துக்குக் கை வருகிறதில்லை.

சந்தேகத்தில் இன்னொரு மனுசனை அழித்தேன். இரண்டாம் தரமும் பிழை விடக்கூடாது என்றுதான் ஒன்றும் தெரியாதவள்போல டேற்றாபேஸ் வைக்கவா என்று கேட்டேன். நீங்கள் சுத்தியல் எடுக்கச் சொன்னீர்கள்.

கோபமில்லை, மச்சான். அழுது முடித்துவிட்டேன். எனக்கும் இருபத்தெட்டு வயதாகிறது, தனியாகக் கிடக்க ஏலாது. நடந்ததை நடந்தபடி உங்கள் கையால், மையால், கடதாசியில் எழுதுங்கள். போனில் வேண்டாம், ஈமெயிலில் வேண்டாம். ஒரு சொல் ஒளிக்காமல் எழுதினால் தையில் நம் கல்யாணம். அம்மாமேல் ஆணை.

கஜானி

•

உ

ரொறன்ரோ,
28.10.2009

என் கஜானிக்கு,

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நீ அம்மாமேல் ஆணையிட்டபடியால் எழுதுகிறேன்.

ஆவணி பதினேழாம் திகதி வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜைச் சோதித்தார்கள். என் பையில் சேர்வரின் பாஸ்வேட் எழுதிய கடதாசி இருந்தது. ஈமெயிலில் போடக்கூடாது, கடதாசியில்தான் எழுத வேண்டும் என்று உனக்குப் படிப்பித்த அதே ஆள்தான் நான். இது எந்தப் பூட்டுக்குத் திறப்பு என்று கேட்டார்கள். மட்டக்களப்பில் ஒரு நிறுவனம் என்றேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என்ன செய்தார்கள் என்று எழுத மாட்டேன்.

இயக்கம் நிற்கிற வாகரைக்குப் போய்வருகிற ஒருவனின் பெயரைச் சொல் என்றார்கள். நாற்பது பெயர் இருந்தது, கஜானி. எனக்கு வாயில் வந்தது எனக்குத் தெரிந்த பெயர். அவன் அரிசிதானே கொண்டுபோகிறான், அவன் எழுதுவதை வாசித்தால் ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே விளங்கிவிடும், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் மேசையில் இருந்தே அந்தப் பைலை எழுதினேன். சுழி போட்டது எனக்கே தெரியாது, கை தானாகப் போட்டிருக்கிறது. பாஸ்போட் எடுக்கவும், வெளியே போகவும் அவர்களே வழி விட்டார்கள். போன பிறகு அந்த வரியை அழித்திருக்கலாம். அழித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், அங்கே அம்மா இருக்கிறா, நீ இருக்கிறாய் என்று பயந்தேன்.

யோசேப் ஐயா ஒன்றுமறியாதவர். உன் சந்தேகம் அவர்மேல் போனபோது எனக்கு மூச்சு வந்தது. அதுதான் நான் செய்த ஆகப் பெரிய பாவம்.

ஜெயந்தன் எங்கே என்று எனக்குத் தெரியாது. பிள்ளையார் அறியத் தெரியாது. உன் காலில் விழுகிறேன். தையில் வரட்டுமா?

உன்
ரதீஸ்

•

கல்லடி,
14.12.2009

ரதீஸ்,

உன் சுகத்தை நான் கேட்கவில்லை. என் சுகத்தை உனக்குச் சொல்லவும் மனமில்லை.

தையில் கல்யாணம் இல்லை. தையிலும் இல்லை, எந்த மாதத்திலும் இல்லை. அம்மாமேல் இட்டது பொய்ச் சத்தியம். தெரிந்துதான் இட்டேன். அம்மா என்னைக் கோபிக்க மாட்டா, அவன் அவவின் பிள்ளை. எனக்கு வேண்டியிருந்தது உன் கையெழுத்து. அந்தக் குட்டிப் பைலை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது காட்டினால், கம்பியூட்டரில் எவனும் எதுவும் எழுதலாம் என்று சொல்லுவான். நீ மையால் எழுதின நாலு பக்கத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

புது மெசினிலும் பைல்தான் வைத்திருக்கிறேன். பதினொரு பேர், பதினொரு வரி. பழைய டிஸ்க் உடையவில்லை, பத்திரமாக இருக்கிறது. டேற்றாபேஸ் ஏன் வேண்டாம் என்று நஸீறா கேட்டபோது உன் 2005ஆம் ஆண்டுக் கடிதத்தைத்தான் நீட்டினேன். அதில் நீ எழுதினது அத்தனையும் சரி. நீ அப்போது நல்லவனாக இருந்திருக்கிறாய் என்று நினைக்க எனக்கு இன்னும் எரிகிறது.

வாழைச்சேனைக்குப் போனேன். யோசேப் ஐயா தானே வந்து கதவைத் திறந்தார். கிழண்டு போய்விட்டார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "அந்தப் பெடியனுக்கும் அடிச்சிருக்காங்கள் போல" என்றார். மேர்சி உள்ளேயிருந்து வந்தாள். "அப்பா மன்னிப்பார். நான் மன்னிக்க மாட்டன். நீங்க போங்க" என்றாள். போனேன். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான் கிடைத்தது.

இனி மாமியின் கதை. கேள்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் தேற்றாத்தீவுக்குக் கொண்டுபோனேன். மாமி சோறு வடித்துக்கொண்டிருந்தார். "என்னகா புள்ள, திகதி வச்சிட்டானா?" என்று சிரித்துக்கொண்டு வந்தார். இருங்கள் மாமி என்று இருத்தி, முதல் எழுத்திலிருந்து உன் பெயர்வரைக்கும் வாசித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இரக்கம் வரும் என்று பயந்தேன், வரவில்லை. அடிவாங்கின மகன் என்று அழப்போகிறார், என்னைப் போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "மறுகா வாசி" என்றார். மறுகா முதலிலிருந்து வாசித்தேன்.

நான் கல்லடிக்குத் திரும்பிவிட்டேன். ஐந்தாம் நாள் வெள்ளனவே மாமி என் வீட்டு வாசலில் நின்றார். நல்ல சீலை உடுத்திருந்தார். "அந்தக் கடதாசிய எடு புள்ள. காணாமப் போன ஆக்களுக்குப் பதியிற கந்தோருக்குப் போவம்" என்றார். உங்கள் மகன் மாமி, பிறகு அவன் இந்த மண்ணில் கால் வைக்க ஏலாது என்றேன். "ஜெயந்தன் வச்சானா?" என்று கேட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கந்தோரில் நான்தான் முறைப்பாடு செய்ய வந்தவள் என்று நினைத்து மேசையில் இருந்த பெண் என் பக்கம் திரும்பினாள். மாமி என் கையைத் தட்டிவிட்டுக் கதிரையில் தான் இருந்தார். முறைப்பாடு தன்னுடையது என்றார். காணாமற் போனவர் யார் என்று கேட்டாள். தம்பியின் முழுப் பெயரையும் சொன்னார். காட்டிக் கொடுத்தவர் யாரென்று தெரியுமா என்று கேட்டாள். உன் முழுப் பெயரையும், பிறந்த திகதியையும், ரொறன்ரோ விலாசத்தையும் தடுமாறாமல் சொன்னார். அந்தப் பெண் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, பயந்துபோய், "அம்மா, இந்த ஆள் உங்களுக்கு என்ன முறை? அதையும் எழுத வேணும்" என்று மெல்லக் கேட்டாள்.

மாமி பேனையைத் தன் கையில் வாங்கி, அந்த இடத்தில் தானே எழுதினார். எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுத்தது. "மகன்" என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார்.

பிரதி இத்துடன் இருக்கிறது.

கஜானி